காட்டிலிருந்து கிளம்பிய பெயர்!



உங்கள் வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிடுவார். "கே. கார்த்திக்", "எம். கார்த்திக்" என்பார். அப்பா பெயரின் முதல் எழுத்து வந்ததும் குழப்பம் தீர்ந்துவிடும்.

பிரேசில் நாட்டு ஆசிரியருக்கு இந்த வசதி கிடையாது. அங்கே பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் வரும். அந்தக் குடும்பப் பெயரே பலருக்கும் ஒன்றாக இருக்கும்! 2022-ஆம் ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி, பிரேசிலில் 'சில்வா' என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் சுமார் 3 கோடியே 40 லட்சம் பேர். அதாவது ஆறு பேரில் ஒருவர் சில்வா. 40 பேர் படிக்கும் வகுப்பு என்றால் எத்தனை சில்வாக்கள் இருப்பார்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு அல்லது ஏழு பேர்!

போர்ச்சுகல் நாட்டிலும் மிக அதிகமானோர் வைத்திருக்கும் குடும்பப் பெயர் இதுதான். நம் பக்கத்து நாடான இலங்கையில் 'டி சில்வா' என்ற பெயரை நிறையக் கேட்கலாம். கோவாவிலும் மங்களூரிலும் 'டிசில்வா'க்கள் உண்டு. ஆப்பிரிக்காவில் அங்கோலா, மொசாம்பிக் நாடுகளிலும் உண்டு.

அப்படியானால் இவர்கள் எல்லோரும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளா? ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்களா? இல்லவே இல்லை! பிறகு எப்படி ஒரே பெயர் இத்தனை கண்டங்களுக்குப் போனது? வாருங்கள், அந்தப் பெயரின் பின்னாலேயே நாமும் போய்ப் பார்ப்போம்.

சில்வா என்றால் என்ன?

'சில்வா' என்பது பழைய இலத்தீன் சொல். அதற்குக் 'காடு' என்று பொருள். ரோமானியர்கள் பேசிய மொழி இலத்தீன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் போர்ச்சுகல், ஸ்பெயின் பகுதிகள் ரோமானியர்களின் ஆட்சியில் இருந்தன. அங்கே பேசப்பட்ட இலத்தீன்தான் காலப்போக்கில் மாறி, போர்ச்சுகீசிய மொழி ஆனது. பேச்சு மாறினாலும் இடங்களின் பெயர்களில் 'சில்வா' அப்படியே தங்கிவிட்டது.

ஒரு வேடிக்கை தெரியுமா? இன்று போர்ச்சுகலில் காட்டைக் குறிக்க வேறு சொற்கள் வந்துவிட்டன. 'சில்வா' என்றால் இப்போது கறுத்த சிறு பழங்கள் காய்க்கும் ஒரு முட்புதர்! பெரிய காட்டைக் குறித்த சொல், ஒரு சின்னப் புதரைக் குறிக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆனால் பெயராக அது உலகம் முழுவதும் விரிந்துவிட்டது.

ஒற்றைப் பெயர் போதவில்லை!

பழங்காலத்தில் போர்ச்சுகல் மக்களுக்கு ஒரே ஒரு பெயர்தான். ஊரில் ஆட்கள் பெருகப் பெருக, பெத்ரோ என்றால் "எந்தப் பெத்ரோ?" என்ற கேள்வி வந்தது. அதைத் தீர்க்க இரண்டு வழிகள் பிறந்தன.

முதல் வழி, அப்பா பெயர். பெர்னாந்தோவின் மகன் 'பெர்னாந்தஸ்'. ரொட்ரிகோவின் மகன் 'ரொட்ரிகஸ்'. என்ரிக்கேயின் மகன் 'என்ரிக்கஸ்'. நாம் இனிஷியலில் செய்வதை அவர்கள் வார்த்தையின் வாலில் செய்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்!

இரண்டாவது வழி, ஊர்ப் பெயர். நம் இசைக்கலைஞர்களை 'மதுரை' மணி ஐயர், 'காருக்குறிச்சி' அருணாசலம் என்று சொல்கிறோம் அல்லவா? அதேபோலத்தான். 'டா சில்வா' என்றால் 'காட்டைச் சேர்ந்தவர்' அல்லது 'சில்வா என்ற ஊர்க்காரர்' என்று பொருள். 'டா' என்பது நம் மொழியில் வரும் 'உடைய', 'சேர்ந்த' என்பது போன்ற சிறு சொல்.

போர்ச்சுகலின் வடக்கு எல்லையில் மின்யோ என்ற ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்பெயின். ஆற்றங்கரையில் வலென்சா என்று ஓர் ஊர். அதன் அருகே சில்வா என்ற இடத்தில் கோபுரம் கட்டி வாழ்ந்த பிரபுக் குடும்பம் ஒன்று, சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பெயரை வைத்திருந்தது. புகழ்பெற்ற பழைய சில்வாக்கள் இவர்கள்தான்.

ஆனால், காடு ஓர் இடத்தில் மட்டுமா இருக்கும்? போர்ச்சுகலில் காடு இருந்த இடமெல்லாம் 'சில்வா' என்ற பெயருள்ள சிற்றூர்கள் இருந்தன. அந்தந்த ஊரிலிருந்து கிளம்பியவர்கள் எல்லாம் தனித்தனியாக 'டா சில்வா' ஆனார்கள். நம்மூரில் எத்தனை 'புதூர்' இருக்கின்றன! எல்லாப் புதூர்க்காரர்களும் சொந்தக்காரர்களா என்ன? அதே கதைதான் இங்கும்.

காட்டை மட்டும் அல்ல, மரங்களையும் அவர்கள் விடவில்லை. 'ஒலிவேரா' என்றால் ஆலிவ் மரம். 'பெரேரா' என்றால் பேரிக்காய் மரம். 'கர்வாலோ' என்றால் ஓக் மரம். 'பின்யேரோ' என்றால் பைன் மரம். போர்ச்சுகல் வகுப்பின் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் ஒரு தோப்பே இருக்கும்!

கப்பல் ஏறிய பெயர்

15-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் கப்பல்களில் புதிய வழிகளைத் தேடிக் கிளம்பினார்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1500-இல் கப்ரால் என்பவரின் கப்பல்கள் பிரேசில் கரையைத் தொட்டன. அடுத்த சில ஆண்டுகளிலேயே அவர்கள் இலங்கைக்கும் வந்துவிட்டார்கள். 1510-இல் கோவாவைப் பிடித்தார்கள். மாலுமிகள், படைவீரர்கள், வியாபாரிகள், பாதிரியார்கள் எல்லோரோடும் அவர்களுடைய பெயர்களும் கப்பலில் வந்தன.

சரி, வந்தவர்கள் சில ஆயிரம் பேர்தானே? அவர்கள் பெயர் எப்படி இலட்சக்கணக்கான உள்ளூர் மக்களுக்குப் போனது?

அதற்குக் காரணம் ஞானஸ்நானம். ஒருவர் கிறிஸ்தவ சமயத்தில் சேரும்போது ஞானஸ்நானம் பெற்றுப் புதுப்பெயர் சூட்டிக்கொள்வார். அப்போது அவருக்குத் துணையாக ஒருவர் நிற்பார். அவரை 'ஞானத்தந்தை' என்பார்கள். அந்த ஞானத்தந்தை போர்ச்சுகீசியராக இருந்தால், பல நேரங்களில் அவருடைய குடும்பப் பெயரே புதியவருக்கும் வந்துவிடும். ஒரு சில்வா பலருக்கு ஞானத்தந்தையாக நின்றால், அத்தனை பேரும் சில்வா! இரத்த உறவு ஏதும் தேவையில்லை.

இலங்கையில் போர்ச்சுகீசியர்களின் பிடி 1658-இல் முடிந்தது. அவர்களுக்குப் பின் டச்சுக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் ஆங்கிலேயர்கள் வந்தார்கள். எல்லோரும் போய்விட்டார்கள். டி சில்வா, பெரேரா, பர்னாந்து போன்ற பெயர்கள் மட்டும் போகவில்லை. இன்று அங்கே இந்தப் பெயர்களை வைத்திருப்பவர்களில் ஏராளமானோர் பௌத்தர்கள்.

கிரிக்கெட் பிடிக்கும்தானே உங்களுக்கு? 1996 மார்ச் 17-இல் லாகூரில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி நடந்தது. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 107 ரன்கள் எடுத்து, பந்துவீச்சில் 3 விக்கெட்டுகளும் வீழ்த்தி, இலங்கைக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர் அரவிந்த டி சில்வா. அவருடைய முழுப்பெயர் 'பின்னடுவகே அரவிந்த டி சில்வா'. இதில் 'அரவிந்த' என்பது வடமொழி. தாமரை என்று பொருள். 'டி சில்வா' போர்ச்சுகீசியம். 'கே' என்று முடியும் முதல் சொல், சிங்களவர்களின் பழைய வீட்டுப் பெயர். வெளியிலிருந்து வந்த பெயரும் ஒட்டிக்கொண்டது, வீட்டுப் பெயரும் விட்டுப்போகவில்லை. ஒரே பெயருக்குள் எவ்வளவு வரலாறு, பார்த்தீர்களா?

நம் தூத்துக்குடிக் கரையிலும் இதே கதை உண்டு. 1530-களில் முத்துக்குளிக்கும் மக்கள் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். பர்னாந்து, கோமஸ், வாஸ், மிராண்டா போன்ற பெயர்கள் அவர்களிடம் வந்தன. இன்றும் அங்கே தமிழ்தான் வீட்டுமொழி. தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்து, தாமிரபரணித் தண்ணீரை நகருக்குக் குடிநீராகக் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்துவை அந்த ஊரார் இன்றும் மறக்கவில்லை.

பறிபோன பெயர்கள்

இதுவரை சொன்னது வேடிக்கையும் வியப்பும் கலந்த கதை. இனிச் சொல்லப்போவது துயரமான பகுதி. ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரேசிலில் போர்ச்சுகீசியர்கள் பெரிய கரும்புத் தோட்டங்களைப் போட்டார்கள். தங்கச் சுரங்கம், வைரச் சுரங்கம் தோண்டினார்கள். வேலைக்கு ஆள் வேண்டும். அதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து, விலைக்கு வாங்கி, கப்பல்களில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். 300 ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கொடுமை நடந்தது. பிரேசில் கரையில் இப்படி இறக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 48 லட்சம் பேர். வழியிலேயே கடலில் இறந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

அவர்களுக்கும் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் இருந்தது. அவர்களுடைய மொழியில் அதற்கு ஓர் அர்த்தமும் இருந்தது. அந்தப் பெயர் பறிக்கப்பட்டது. 'மரியா', 'அந்தோனியோ', 'பிரான்சிஸ்கா' என்று ஏதாவது ஒரு பெயரை வைத்துப் பதிவேட்டில் எழுதினார்கள். குடும்பப் பெயர் கிடையாது. அடிமைக்குக் குடும்பம் இருப்பதாகவே அவர்கள் நினைக்கவில்லை!

அடிமைகளில் சிலர் விடுதலை பெற்றார்கள். விடுதலை பெற்றவருக்கு முழுப்பெயர் தேவைப்பட்டது. சிலர் எஜமானரின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். சிலர் 'புனிதர்கள்' என்று பொருள்படும் 'சாந்தோஸ்' போன்ற சமயப் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். எங்கும் கேட்கும் பெயரான 'சில்வா'வைப் பலர் எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி ஒருவர்தான் பிரான்சிஸ்கா. வைரம் கிடைத்த ஊரில் வாழ்ந்தவர். அந்த ஊரின் இன்றைய பெயர் தியமாந்தினா. அடிமையாக இருந்தவரை பதிவேடுகளில் அவர் வெறும் 'பிரான்சிஸ்கா'. 1753-இல் விடுதலை கிடைத்தது. அதன்பின் அவர் 'பிரான்சிஸ்கா டா சில்வா'! 'சிக்கா டா சில்வா' என்று பிரேசிலில் இன்றும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். அவருக்கு அந்த இரண்டு சொற்களும் வெறும் வால் அல்ல. "நான் யாருடைய உடைமையும் இல்லை" என்பதன் அடையாளம்.

பிரேசிலில் அடிமை முறை முழுவதுமாக ஒழிந்தது 1888 மே 13-ஆம் நாள். இளவரசி இசபெல் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதனால்தான் இன்று பிரேசிலில் ஒரு சில்வாவைப் பார்த்தால், அவருடைய முன்னோர் போர்ச்சுகலிலிருந்து வந்தவரா, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவரா, அந்த மண்ணின் பழங்குடியா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. மூவரும் அந்தப் பெயருக்குள் இருக்கிறார்கள்.

பெயருக்குப் பெருமை சேர்த்தவர்கள்

* ஜோசே பொனிபாசியோ டி அந்த்ராதா இ சில்வா: பிரேசிலின் விடுதலைக்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர். 1763-இல் பிறந்த இவர் கனிமங்களை ஆராய்ந்த அறிவியலாளரும்கூட. இவர் கண்டறிந்து சொன்ன 'பெட்டலைட்' என்ற கனிமத்தில்தான், 1817-இல் ஆர்ப்வெட்சன் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் 'லித்தியம்' என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தார். உங்கள் வீட்டுச் செல்போன் பேட்டரியில் இருப்பது அந்த லித்தியம்தான்! அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று 1823-இலேயே எழுதியவர் இவர். அந்த ஆண்டே நாடு கடத்தப்பட்டார். அவர் சொன்னது நடக்க இன்னும் 65 ஆண்டுகள் ஆயின.

* எய்செபியோ டா சில்வா ஃபெரேரா: மொசாம்பிக்கில் 1942-இல் பிறந்த கால்பந்து வீரர். 1966 உலகக் கோப்பையில் வட கொரியாவுக்கு எதிராக போர்ச்சுகல் 0-3 என்று பின்தங்கியிருந்தது. எய்செபியோ தனியாக நான்கு கோல் அடித்தார். போர்ச்சுகல் 5-3 என்று வென்றது. அந்த உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்தவரும் அவரே, 9 கோல்கள்.

* அயர்டன் சென்னா டா சில்வா: கார் பந்தயத்தில் 1988, 1990, 1991 ஆண்டுகளில் உலகச் சாம்பியன். 'சில்வா' என்ற பெயர் எல்லோருக்கும் இருக்கிறதே என்று, அம்மாவின் குடும்பப் பெயரான 'சென்னா'வை முன்னிறுத்திக்கொண்டார். 1994-இல் பந்தய விபத்தில் காலமானார்.

* மார்த்தா வியேரா டா சில்வா: பிரேசிலில் பெண்கள் கால்பந்து விளையாட 1941 முதல் 1979 வரை தடை இருந்தது! தடை நீங்கிச் சில ஆண்டுகளில், 1986-இல், ஒரு சிற்றூரில் பிறந்தவர் மார்த்தா. பையன்களோடு தெருவில் ஆடிப் பழகினார். உலகின் சிறந்த வீராங்கனை விருதை ஆறு முறை பெற்றார். 2019-இல் அவர் உலகக் கோப்பைகளில் தம் 17-ஆவது கோலை அடித்தார். ஆண்களோ பெண்களோ, அதுவரை யாரும் அத்தனை கோல் அடித்திருக்கவில்லை.

* லூயிஸ் இனாசியோ லூலா டா சில்வா: 1945-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் தெருவில் காலணிக்குப் பாலிஷ் போட்டார். பிறகு தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்தார். இயந்திரத்தில் சிக்கி இடக்கை சுண்டுவிரலை இழந்தார். தொழிலாளர் தலைவராக வளர்ந்து, 2003-இல் பிரேசிலின் குடியரசுத் தலைவர் ஆனார். 2023-இல் மூன்றாவது முறையாகப் பதவியேற்றார்.

இன்னும் எங்கெல்லாம் இந்தக் காடு?

உலக வரைபடத்தை எடுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தைக் கண்டுபிடியுங்கள். பென் + சில்வேனியா. 1681-இல் இங்கிலாந்து அரசர் அந்த நிலத்தை வில்லியம் பென் என்பவருக்குக் கொடுத்தார். 'பென்னின் காடு' என்பதே அந்தப் பெயரின் பொருள். இப்போது ஐரோப்பாவுக்கு வாருங்கள். ருமேனியாவில் டிரான்சில்வேனியா இருக்கிறது. 'காட்டுக்கு அப்பால் உள்ள நாடு' என்று பொருள். 'சில்வியா' என்ற பெண்ணின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

ஆங்கிலத்தில் 'சாவேஜ்' என்று ஒரு சொல் உண்டு. நாகரிகம் இல்லாதவர் என்று திட்டப் பயன்படுத்திய சொல் அது. அதுவும் 'சில்வா'வின் பிள்ளைதான்! காட்டில் வாழ்பவர் என்பது அதன் பழைய பொருள். ஒரே வேரிலிருந்து ஒரு மாநிலத்தின் பெயரும் வந்தது, ஒரு வசைச்சொல்லும் வந்தது. சொல்லில் இல்லை குற்றம். அதைச் சொல்லும் மனதில்தான்.

இன்னொன்று. போர்ச்சுகீசியர்கள் பெயர்களை மட்டுமா விட்டுச்சென்றார்கள்? உங்கள் வீட்டையே ஒரு சுற்று பாருங்கள். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி ஆகிய நான்கும் போர்ச்சுகீசியம் வழியாகத் தமிழுக்கு வந்த சொற்கள்!

நீங்கள் செய்யுங்கள்!

இந்த வாரம் உங்கள் தாத்தா, பாட்டியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் வீட்டுக்கு ஊரில் என்ன பட்டப்பெயர்? நம் ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? எனக்கு இந்தப் பெயரை யார், ஏன் வைத்தார்கள்? பதில்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெரியவர்கள் சொல்லாமல் போய்விட்டால், பிறகு கேட்க ஆள் இருக்காது.

இன்னொரு விஷயம். வகுப்பில் யாருக்காவது வித்தியாசமான பெயர் இருந்தால் கேலி செய்யாதீர்கள். அந்தப் பெயருக்குள் ஒரு காடு இருக்கலாம். ஒரு கடல் பயணம் இருக்கலாம். ஒருவர் பெற்ற விடுதலைகூட இருக்கலாம். "உன் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று அன்போடு கேட்டுப் பாருங்கள். ஒரு கதையும் கிடைக்கும், ஒரு நண்பரும் கிடைப்பார்!

கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்!

1. 'ரொட்ரிகஸ்' என்றால் யாருடைய மகன்?
2. பேரிக்காய் மரத்தின் பெயரைத் தாங்கிய குடும்பப் பெயர் எது?
3. 'காட்டுக்கு அப்பால் உள்ள நாடு' எது?
4. பிரேசிலில் அடிமை முறை ஒழிந்த ஆண்டு எது?

விடைகள்: 1. ரொட்ரிகோவின் மகன். 2. பெரேரா. 3. டிரான்சில்வேனியா. 4. 1888.